எங்கள் தெருவில் தனித்து வாழும் முதியவர்களுக்குத் தகவலைக் கொண்டுசேர்ப்பது எப்படி?

கேள்வி: மேற்கு மாம்பலம் வாசி

அனைவருக்கும் வணக்கம். சென்னை மேற்கு மாம்பலத்தில் நாற்பது ஆண்டுகளாக வசித்து வருகிறேன். எங்கள் தெருவில் பழைய தனி வீடுகள் பன்னிரண்டும், மற்ற வீடுகளை இடித்துக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஒன்பதும் இருக்கின்றன. பிள்ளைகள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருக்க, தனியாகவோ கணவன் மனைவி இருவர் மட்டுமாகவோ வாழும் முதியவர்கள், நான் எண்ணிப் பார்த்த அளவில், இருபத்தாறு பேர். அவர்களுக்குப் பயன்படும் உள்ளூர்த் தகவல்களைத் திரட்டிக் கொடுக்கவும், ஆபத்து நேரத்தில் உதவவும் தெருவில் சிலர் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்ய விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது என்பதில்தான் குழப்பம்.

இந்த எண்ணம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கடந்த நவம்பரில், எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருக்கும் 81 வயது மாமி, குடும்ப ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றிதழ் கொடுப்பதற்காக ஆட்டோ பிடித்து வங்கிக்குப் போனார். இரண்டு மணி நேரம் காத்திருந்த பின், கைரேகைக் கருவியில் பத்து விரல்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் ரேகை பதியவில்லை. மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, "நான் உயிரோட இருக்கேன்னு என் விரலே ஒத்துக்க மாட்டேங்கறது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அஞ்சல் துறையின் பேமென்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரரே வீட்டுக்கு வந்து அந்தச் சான்றிதழைப் பதிவு செய்து தருவார் என்பதையும், ரேகை பதியாதவர்களுக்கு முகத்தைப் படமெடுத்துச் சரிபார்க்கும் வழி 2021 முதலே இருக்கிறது என்பதையும் எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் அந்த மாதத் தொடக்கத்தில் பகிர்ந்தவனே நான்தான். அன்று மாலை அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலை எடுத்து எண்ணினேன். 114 பேரில் எழுபதைக் கடந்தவர்கள் ஒன்பது பேர். மாமி அதில் இல்லை. அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த சிறிய கைபேசி.

மழைக்காலத்திலும் இதே கதைதான். 2021 நவம்பரில் துரைசாமி சுரங்கப்பாதை மூழ்கித் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், எந்தப் பக்கமாக வெளியேறலாம், பால் எங்கே கிடைக்கிறது, மின்சாரம் எப்போது வரும் என்ற செய்திகள் எல்லாம் குழுவில் நிமிடத்துக்கு நிமிடம் வந்துகொண்டிருந்தன. தரைத்தளத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதில் ஒன்றும் போய்ச் சேரவில்லை.

ஆகவே, இணையத்தை நம்பாமல் தகவலை அவர்கள் கைக்குக் கொண்டுபோவது எப்படி, எந்தத் தகவல்களைத் தருவது, யார் யார் தனியாக இருக்கிறார்கள் என்று பெயரும் எண்ணும் வாங்கிப் பட்டியல் போடலாமா என்பவை குறித்து அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: நங்கநல்லூர் தன்னார்வலர்

ஐயா, உங்கள் பதிவைப் படித்தபோது எங்களுடைய முதல் ஆண்டு நினைவுக்கு வந்தது. நங்கநல்லூரில் நான்கு தெருக்களைச் சேர்ந்த ஏழு பெண்கள் மூன்று ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறோம். முதலில் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைச் செய்யாமல் இருப்பதற்காக.

நாங்கள் முதலில் அச்சடித்த தாளில் இரண்டு பக்கமும் சேர்த்து 31 தொலைபேசி எண்கள் இருந்தன. கெட்டுப்போகக் கூடாது என்று லாமினேஷன் வேறு செய்து கொடுத்தோம். ஆறு மாதம் கழித்து வீடு வீடாகப் போய்க் கேட்டபோது, மெடிக்கல் ஷாப் எண்ணைத் தவிர வேறு எதையும் ஒருவரும் அழைத்திருக்கவில்லை. எழுத்து சிறியது என்பது ஒரு காரணம். லாமினேஷன் அட்டை ட்யூப் லைட் வெளிச்சத்தில் பளபளத்து, கண்புரை உள்ளவர்களுக்கு எழுத்தே தெரியாமல் போனது இன்னொரு காரணம். ஒரு வீட்டில் அதைக் காபி டபராவுக்கு அடியில் வைத்திருந்தார்கள். அதற்கு அது நன்றாகவே பயன்பட்டது என்றும் சொன்னார்கள்.

இப்போது ஒரு பக்கம் மட்டும், சாதாரண வெள்ளைத் தாள், பெரிய கறுப்பு எழுத்து, ஏழே எண்கள். மேலே இருக்கும் இரண்டும் அரசு எண்கள் அல்ல. அதே தெருவில் நடந்து வரக்கூடிய தொலைவில் இருக்கும் இரண்டு பேருடையவை, ஒருவர் பகலில் வீட்டில் இருப்பவர், மற்றவர் இரவில் இருப்பவர். அதற்குக் கீழே ஆம்புலன்ஸுக்கு 108, மாநகராட்சிப் புகார்களுக்கு 1913, சமையல் எரிவாயு கசிந்தால் 1906, மின்தடைக்கு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987, கடைசியாக முதியோர் உதவி எண் 14567. இந்தக் கடைசி எண்ணைப் பற்றி ஒரு விஷயத்தைத் தாளிலேயே எழுதிவிடுங்கள்: அது காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரைதான் இயங்கும். ஓய்வூதியம், முதியோர் இல்லம், சட்ட ஆலோசனை, வீட்டில் கொடுமை போன்றவற்றுக்கு அது நல்ல எண். நள்ளிரவில் குளியலறையில் வழுக்கி விழுந்தவர் அதை அழைத்துக் காத்திருக்கக் கூடாது. அச்சடிக்கும் முன் ஒவ்வோர் எண்ணையும் நீங்களே அழைத்துப் பாருங்கள், தாளின் மூலையில் மாதத்தையும் ஆண்டையும் போடுங்கள். எங்கள் முதல் தாளில் இருந்த ஒரு மருத்துவமனை எண், வேறு யாரோ ஒருவருடைய சொந்த எண்ணாக மாறியிருந்தது. அந்த மனிதர் பாவம், எங்கள் தெருக்காரர்களின் சர்க்கரை அளவை எல்லாம் கேட்க வேண்டியதாயிற்று.

ஒட்டும் இடத்தையும் யோசிக்க வேண்டும். தினசரி நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுவதுதான் சரி. ராகு காலம் பார்க்கவும் தாள் கிழிக்கவும் தினமும் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர்கள் நின்று பார்க்கும் இடம் வீட்டில் அது ஒன்றுதான்.

இந்தத் தாள் மாறாதது. மாறும் செய்திகளுக்கு மாதம் ஒரு துண்டுத் தாள், அதில் மூன்று செய்திகளுக்கு மேல் கிடையாது. உதாரணமாக, மாநகரப் பேருந்தில் 60 வயதைக் கடந்த சென்னைவாசிகளுக்கு மாதம் பத்து இலவசப் பயணத்துக்கான டோக்கன்கள் 2016 முதல் தரப்படுகின்றன. ஆறு மாதங்களுக்கு ஒரு முறை, ஜூன் இறுதியிலும் டிசம்பர் இறுதியிலும், அடுத்த அரையாண்டுக்கான டோக்கன்களைக் கொடுக்கத் தொடங்குகிறார்கள். இதை எழுதும்போது "டோக்கன் வழங்கப்படுகிறது" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எங்கே, எந்தத் தேதி வரை, கையில் என்ன கொண்டுபோக வேண்டும், தமக்குப் பதிலாக வேறொருவர் போகலாமா என்ற நான்கும் இருக்க வேண்டும். நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், முதியவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்.

யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று கேட்டால், ஏற்கெனவே தினமும் அந்த வாசலுக்குப் போகிறவர்களைப் பிடியுங்கள் என்பேன். எங்கள் பகுதியில் பால் போடுபவர்தான் துண்டுத் தாளைப் பையில் வைக்கிறார். தகவல் அவர் வழியாகத் திரும்பியும் வருகிறது. சென்ற ஆண்டு ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு, வசூலுக்காக இரண்டாவது சுற்று வந்தவர், ஒரு வீட்டு வாசலில் ஐந்து மணிக்குப் போட்ட பாக்கெட்டுகள் பையிலேயே கிடப்பதைப் பார்த்துவிட்டு என் வீட்டு மணியை அடித்தார். உள்ளே அந்தப் பெரியவர் சர்க்கரை இறங்கிக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். மாற்றுச் சாவி எதிர்வீட்டில் இருந்ததால் கதவை உடைக்க நேரவில்லை. இப்போது நலமாக இருக்கிறார். பால்காரரிடம் தினமும் எழுந்து வந்து நேரில்தான் பாக்கெட் வாங்குகிறார்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற ஆசிரியை, புரசைவாக்கம்

எனக்கு 77 வயது ஆகிறது. கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகளாகத் தனியாக இருக்கிறேன். மேலே எழுதிய இருவரும் நல்ல மனத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் தகவல் என்பது ஏதோ உங்களிடம் இருப்பது போலவும் அதை நீங்கள் எங்களுக்குக் கொண்டுவந்து தருவது போலவும் பேச்சு போகிறது. அதைச் சற்றுத் திருத்த விரும்புகிறேன்.

என் வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அகர வரிசையில் 1984-இலிருந்து எழுதி வருகிறேன். பிளம்பரின் எண் அவர் பெயரில் இருக்காது. குழாய் என்பதால் "கு" பக்கத்தில் இருக்கும். எந்தப் பல் மருத்துவமனையில் படி ஏற வேண்டியதில்லை, எந்த ஆட்டோக்காரர் டாக்டர் வீட்டு வாசலில் அரை மணி நேரம் காத்திருப்பார், எந்த மெடிக்கல் ஷாப்பில் அட்டையை வெட்டி நான்கு மாத்திரை மட்டும் கொடுப்பார்கள், எந்த ஏ.டி.எம். வாசலில் கைப்பிடி இருக்கிறது என்பதெல்லாம் அதில் உண்டு. இவற்றை நீங்கள் எந்த இணையதளத்திலும் தேடி எடுக்க முடியாது. உங்கள் தெருவில் இருக்கும் இருபத்தாறு பேரிடமும் இப்படி ஒவ்வொரு நோட்டுப் புத்தகம் இருக்கும். தாள் அச்சடிக்கும் முன் அவர்களிடம் போய் உட்கார்ந்து அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்போது அந்தத் தாள் அவர்களுடையதாகவும் இருக்கும். டபராவுக்கு அடியில் போகாது.

இரண்டாவது, எங்களுக்கு வேலை கொடுங்கள். நாங்கள் ஆறு பேர் காலை ஏழு மணிக்கு ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்துக்கொள்கிறோம். நான் ஒருவரை அழைப்பேன், அவர் அடுத்தவரை அழைப்பார், கடைசி ஆள் என்னை அழைப்பார். ஏழரைக்குள் எனக்கு மணி அடிக்காவிட்டால் எங்கோ கண்ணி அறுந்திருக்கிறது என்று பொருள். எந்த இடத்தில் என்று பார்க்கக் கீழ்வீட்டுப் பையனை அனுப்புவோம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. பெரும்பாலும் சட்னிக்கு என்ன அரைத்தாய் என்பதுதான் பேச்சு. வயது முதிர்ந்தவர்களைப் "பார்த்துக்கொள்வதாக" யாராவது தினமும் விசாரித்தால் எனக்கு எரிச்சல் வரும்; இதில் அப்படி வருவதில்லை, ஏனென்றால் நானும் ஒருவரை விசாரிக்கிறேன்.

மூன்றாவதாக, தகவலைச் சொல்லும்போது அதன் ஆதாரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூட்டு வலியால் வங்கிக்குப் போக முடியாமல், பணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தர இயலுமா என்று கிளையில் கேட்டேன். அப்படி ஒரு வசதியே இல்லை என்று, என்னைப் "பாட்டி" என்று அழைத்துக்கொண்டே ஓர் இளைஞர் சொன்னார். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கவும் வாங்கவும், டிமாண்ட் டிராஃப்ட் தரவும், வாழ்நாள் சான்றிதழ் வாங்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருப்பதை எனக்கு என் பழைய மாணவி ஒருத்தி எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தத் தாளை எடுத்து நீட்டிய பிறகு மேலாளர் வந்தார், நாற்காலி வந்தது, விண்ணப்பப் படிவமும் வந்தது. சும்மா "வசதி இருக்கிறதாம்" என்று மட்டும் தெரிந்துகொண்டு போயிருந்தால் அன்று வெறுங்கையோடு திரும்பியிருப்பேன்.

மோசடி அழைப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "உங்கள் பெயரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது, வீடியோ அழைப்பிலேயே உங்களைக் கைது செய்திருக்கிறோம்" என்று எனக்கே ஒருமுறை அழைப்பு வந்தது. படித்தவள்தான், இருந்தும் இருபது நிமிடம் நடுங்கிக்கொண்டு பேசினேன். பூக்காரம்மா வந்து கதவைத் தட்டியதால் இணைப்பைத் துண்டித்தேன். வீடியோ அழைப்பில் கைது என்று நம் நாட்டுச் சட்டத்தில் எதுவுமே இல்லை என்பதையும், பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் தனித் தாளில் எழுதித் தொலைபேசிக்கு மேலேயே ஒட்டுங்கள். நாள்காட்டிப் பக்கத்தில் ஒட்டினால் அந்த நேரத்தில் கண்ணில் படாது.

மறுமொழி 3: வருவாய்த் துறையில் பணியாற்றியவர்

பட்டியல் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் வாட்ஸப் குழுவில் போடக் கூடாது. இன்னின்ன வீட்டில் இன்னார் தனியாக இருக்கிறார் என்ற விவரம் 114 பேருக்குப் போனால், அவர்களிடமிருந்து அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. திருட வருகிறவனுக்கு நாமே வழிகாட்டியது போல் ஆகும். எங்கள் குடியிருப்பில் அந்த விவரத்தை ஒரு நோட்டில் கையால் எழுதி, ஒரு பிரதியை மட்டும் இரண்டு பேர் பொறுப்பில் வைத்திருக்கிறோம். அந்தந்த முதியவர் ஒப்புக்கொண்டதை மட்டுமே எழுதுகிறோம்: பிள்ளைகளில் யாரை முதலில் அழைக்க வேண்டும், எந்த மருத்துவமனையில் பார்க்கிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது. சாவியை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் அவரையே கையெழுத்துப் போடச் சொல்லி வாங்குகிறோம். பிறகு யாருக்கும் மனக்குறை வராது. காவல் நிலையத்தில் தெரிவித்து வைப்பதும் நல்லது. 75 வயதைக் கடந்தவர்களுக்காகச் சென்னைப் பெருநகரக் காவல் துறை 2024-இல் "பந்தம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. தனியாக இருப்பவர்கள் தங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் அது பற்றிக் கேட்கலாம்.

உங்களைப் போன்ற குழுக்கள் ஓராண்டுக்குள் ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்ளும் என்பதால் அதையும் முன்கூட்டியே சொல்கிறேன். தாளைக் கொடுக்கப் போகும் வீட்டில் ஒரு நாள், "வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், இப்போது சோறு போட மாட்டேன் என்கிறான்" என்று ஒருவர் அழுவார். அந்த மகனிடம் போய்ப் பேசி நியாயம் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீங்கள் பேசிவிட்டு வந்த பிறகு அந்த வீட்டுக்குள் இருக்கப் போகிறவர் அவர்தான். வழி இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள், அவர் முடிவெடுத்தால் துணைக்குப் போங்கள், அது போதும்.

அந்த வழி இதுதான். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன்படி, தம் வருவாயாலோ சொத்தாலோ தம்மைக் காத்துக்கொள்ள இயலாத, 60 வயதைக் கடந்த எவரும் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்டு வருவாய்க் கோட்டாட்சியரின் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டிய தேவை இல்லை. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்த மனுக்களை நானே எத்தனையோ முறை வாங்கிப் பதிந்திருக்கிறேன். மாதம் 10,000 ரூபாய் வரை தீர்ப்பாயம் உத்தரவிடலாம். எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்றும், விதிவிலக்கான சூழலில் இன்னும் 30 நாட்கள் நீட்டிக்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. மனுக் கொடுக்க நேரில் வர இயலாதவர் வேறொருவருக்கோ பதிவு பெற்ற தன்னார்வ அமைப்புக்கோ அதிகாரம் அளிக்கலாம்.

சொத்து விஷயம் இன்னும் நுட்பமானது. அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறினால் செல்லாது என அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. நிபந்தனை இருந்ததா இல்லையா என்பதில்தான் வழக்குகள் இழுபடுகின்றன. பத்திரம் எழுதும்போது "என் ஆயுள் உள்ளவரை இவ்வீட்டில் வசிக்கவும், உணவும் மருத்துவமும் பெறவும் எனக்கு உரிமை உண்டு, தவறினால் இந்தத் தான செட்டில்மென்ட் ரத்தாகும்" என்ற பொருளில் ஒரு வரி சேர்த்துவிட்டால் பாதி வேதனை குறையும். பாசத்தால் அந்த வரியைச் சேர்க்கக் கூச்சப்பட்டவர்கள் பலரை என் மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறேன். உங்கள் மாதத் தாளில் என்றாவது ஒரு மாதம் இந்த ஒரு செய்தியை மட்டும் போடுங்கள்.

ரேஷனைப் பற்றிச் சுருக்கமாக. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள்களை வீட்டுக்கே கொண்டுவந்து தர ஏற்பாடு செய்தார்கள். பெயர் விடுபட்டிருந்தால் கடையில் கேட்டுச் சேர்க்க வேண்டும். அது வரும்வரை, வேறொருவர் வாங்கிக்கொள்ள அங்கீகாரப் படிவம் இருக்கிறது. அதை நிரப்பிக் கொடுக்கத் தெருக்காரர்கள் உதவலாம்.

மறுமொழி 4: பெரம்பூர் மகள், இப்போது சிங்கப்பூரில்

நான் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்; பெரம்பூரில் தனியாக இருக்கும் 79 வயது அம்மாவின் மகள். என் அம்மாவின் தெருவில் இப்படி ஒரு குழு இருப்பதே எனக்கு ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது. நீங்கள் தொடங்கும்போது வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள். எங்களால் ஆக வேண்டியவை சில உண்டு: இணையத்தில் பதிய வேண்டியவற்றைப் பதிவது, மருந்துச் சீட்டை ஒழுங்காகத் தட்டச்சு செய்து அனுப்புவது, அச்சுச் செலவை ஏற்பது. ஆபத்து வரும்போது மட்டும் அண்டை வீட்டாரை அழைத்துப் பதறுவது எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது.

மருத்துவத்தைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை என்பதால் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கிறது; படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டும். கிண்டியில் கிங் நிறுவன வளாகத்தில் 200 படுக்கைகளோடு முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. என் அம்மா ஐந்து டாக்டர்களிடம் வாங்கிய பதினொரு மாத்திரைகளை அங்கே ஒரே மேசையில் கொட்டிக் காட்டி, ஆறாகக் குறைத்துக்கொண்டு வந்தார்.

மேற்கு மாம்பலம் வாசி மீண்டும் எழுதுகிறார்

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் ஏதாவது செய்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன்.

ஆசிரியை அம்மா சொன்னபடி, தாளை அச்சடிக்காமல், வெறும் நோட்டோடு முதலில் எங்கள் மாடி மாமியிடம் போனேன். அரை மணி நேரம் என்று நினைத்துப் போனவன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் எழுதி வைத்திருந்த மாதிரியைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்துவிட்டு, மெடிக்கல் ஷாப்பின் பெயரை அடித்தார். அந்தக் கடை மூடி எட்டு மாதமாகிறதாம். நான் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்று என் பெயரை இரண்டாவதாகத் தள்ளிவிட்டு, தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் எண்ணை முதலில் எழுதச் சொன்னார். "நீ ஒன்பது மணிக்கு ஆபீஸ் போயிடுவே, அவன் ராத்திரி எட்டு மணி வரைக்கும் அங்கேதான் நிப்பான், என் பால்கனி அவனுக்குத் தெரியும்" என்றார். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் வரிசையையும் அவரே சொன்னார்: முதலில் எந்த வீட்டு வாசல், பிறகு எந்தக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடம், எந்த மின்கம்பத்தின் அடியில் நீர் தொட்டால் மேலே போய்விட வேண்டும் என்பது வரை. 2015-இலும் 2021-இலும் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

இதுவரை பதினேழு வீடுகளுக்குப் போயிருக்கிறோம். நான்கு பேர் பட்டியலில் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கும் தாள் உண்டு என்று சொல்லிவிட்டு வந்தோம். பட்டியல் கையெழுத்து நோட்டில்தான் இருக்கிறது. வாட்ஸப் குழுவில் நான் முன்பு பகிர்ந்திருந்த முதியவர்களின் விவரம் ஒன்றை அழித்துவிட்டேன், அதைப் பகிர்ந்ததே தவறு என்று இங்கே படித்த பிறகுதான் உறைத்தது. காலைத் தொலைபேசிச் சங்கிலியில் ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். மாமிதான் முதல் ஆள். ஆறேமுக்காலுக்கே அழைத்துவிடுகிறார் என்று இரண்டாவது ஆளிடமிருந்து ஒரு புகாரும் வந்திருக்கிறது.

அடுத்த துண்டுத் தாளில் பேருந்து டோக்கனைப் போடப் போகிறோம். நங்கநல்லூர் அம்மா சொன்ன நான்கில் மூன்றை விசாரித்துவிட்டேன். டோக்கனுக்கான அடையாள அட்டையை ஏற்கெனவே வைத்திருப்பவருக்காக வீட்டில் வேறொருவர் போய் அடுத்த அரையாண்டு டோக்கனை வாங்கி வர முடியுமா என்பது மட்டும்தான் பாக்கி. தியாகராய நகர்ப் பக்கம் அண்மையில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறோம்.